விமலராணியின் இலக்கத் தகடு

கிறிகோரி கோபக்காரன் அல்ல. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, இத்தாலியின் பலெர்மோவுக்கு முதல் ஆட்களில் ஒருவனாக வந்து, சியாகுல்லித் தோட்டமொன்றில் மண்டரின் தோடம்பழம் தரம்பிரிக்கும் கொட்டகைக்குப் பொறுப்பாளனாகியிருந்தவன். விமலராணியிடம் அதைச் சொன்னபோதும் அவன் குரலை உயர்த்தவில்லை.

“ராணியக்கா, போன முறை எத்தினை நாள் பிந்தி வந்தனீங்கள் எண்டு நான் எண்ணேல்லை. முதலாளி எண்ணினவர். மாசி முதல் திங்கள் பெரிய பறிப்புத் தொடங்குது. காலமை ஆறு மணிக்குச் சொந்த வாகனத்திலை வந்து நிண்டால் இடம் உங்களுக்கு. இல்லாட்டி காத்துக்கொண்டு நிக்கிற சறோஜாவுக்கு.”

“பஸ் பிந்தினதுக்கு நான் என்ன செய்ய, கிறிகோரி?”

“அதைத்தான் சொல்லுறன். பஸ்ஸை விடுங்கோ.”

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கார்த்திகை மாதம். விமலராணிக்கு இரண்டு வேலை. மத்தியானத்துக்குப் பிறகு வியா மக்வேதாத் தெருவில் சினியோரா அமெலியா வீட்டில் சமையலும் துப்புரவும். அதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. கொட்டகை வேலைக்கு ஒப்பந்தம் இருந்தது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கேட்பது அந்த ஒப்பந்தத்தைத்தான். ஆகவே கொட்டகையில் ஓரிடம் போவதென்றால் அது வெறும் இடம் போவதில்லை.

சினியோராவின் மகன் தொரினோவில் வேலை கிடைத்துப் போனபோது, ஒரு மோட்டார் சைக்கிளைக் கீழ்த்தளத்தில் துணி போர்த்தி விட்டுப் போயிருந்தான். மலைச்சரிவிலும் சேற்றிலும் பந்தயம் ஓடுவதற்கென்று செய்த வண்டி. வெளிச்சம் இல்லை, ஹோர்ன் இல்லை, பக்கக் கண்ணாடி இல்லை, இலக்கம் இல்லை. நின்றால் விமலராணியின் நெஞ்சளவு உயரம். வாரத்துக்கொரு முறை அதன் மேல் தூசி தட்டுவதும் அவள் வேலைகளில் ஒன்று. கிறிகோரி அப்படிச் சொன்ன அன்று, தூசி தட்டிய கையோடு மேலே வந்து, அதைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டாள்.

சினியோரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். உனக்குக் கால் எட்டாதே என்றார்.

“எட்டுமட்டும் சீற்றை வெட்டலாம் சினியோரா” என்றாள் விமலராணி.

சினியோரா சிரித்துச் சம்மதித்தார். ஆனால் அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. ஊரில் அவள் குடும்பநலத் தாதி. மருதங்கேணிப் பக்கத்து மணலில், மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, சில்லு புதைகிற இடத்தில் காலூன்றித் தள்ளி, பிள்ளைப்பேறு பார்க்க மொபெட்டில் போய்வந்தவள். பலெர்மோவில் லைசென்சும் முந்திய வருடமே எடுத்துவிட்டாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, “கிடக்கட்டும், கறள் பிடிக்காது” என்று பதில் சொன்னாள்.

புருசன் கோபாலசிங்கம் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவுகிறவர். வண்டியைக் கண்டதும் இரண்டு முறை சுற்றி வந்தார்.

“இஞ்சரும், இது வண்டியே, குதிரையே?”

“எதெண்டாலும் லாடம் அடிக்கிறது நீங்கள்தான்.”

வாகனப் பரிசோதனைக் கந்தோருக்குப் போய் என்னென்ன வேண்டுமென்று அவள் கேட்டு வந்தாள். ஒரு கொப்பியில் இடப்பக்கம் இத்தாலியனில், வலப்பக்கம் தமிழில் எழுதினாள். முன்வெளிச்சம், பிறேக் பிடித்தால் எரிகிற பின்வெளிச்சம், ஹோர்ன், கண்ணாடி, வேகம் காட்டுகிற முள், தெருவுக்கேற்ற ரயர், சத்தம் அடக்குகிற குழாய், இலக்கத் தகடு பூட்ட ஒரு சட்டம். கடைசியாக, வண்டி எங்கே எப்போது செய்யப்பட்டது என்று தொழிற்சாலை கொடுக்கிற சான்றிதழ். அதற்கு நேரே அவள் எழுதியது: பிறப்புச் சாட்சிப் பத்திரம். எத்தனையோ பிள்ளைகளுக்கு அவள் பதிவு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பத்திரம் இல்லாத பிள்ளை அரசாங்கத்துக்குப் பிறக்காத பிள்ளைதான். வண்டிக்கும் அதே சட்டம்.

மூன்று முறை தொலைபேசி எடுத்தபிறகு, தொரினோவிலிருந்து மகன் அந்தச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பினான். தொலைத்துவிட வேண்டாம், இன்னொன்று எடுக்க அரை வருடம் பிடிக்கும் என்று ஒரு துண்டும் வைத்திருந்தான்.

மார்கழியும் தையும் வீட்டு ஒழுங்கையில் வண்டியோடு கழிந்தன. கோபாலசிங்கம் பாண் வெட்டுகிற கத்தியால் சீற்றின் பஞ்சை நாலு விரல் ஆழத்துக்கு அரிந்தார். பழைய குழாயோடு முதன்முறை இயந்திரத்தை முடுக்கியபோது அவர்கள் குடியிருந்த அல்பெர்கேரியாவின் அந்த ஒழுங்கை முழுவதும் பல்கனிக்கு வந்துவிட்டது. மூன்றாம் மாடிக் கிழவி ஒருத்தி அவருடைய குலம் கோத்திரத்தைச் சிசிலியனில் விசாரித்தாள். புதுக் குழாய் பூட்டிய பிறகு வண்டி தொண்டை கட்டிய ஆளைப்போல அடங்கிப் பேசியது.

பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். பெப்ரவரி, ஊர்க் கணக்கில் மாசி, இரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. பறிப்புத் தொடங்கும் திங்களுக்கு முந்திய கடைசி வேலைநாள். இது தவறினால் அடுத்த நாள் ஆறு கிழமைக்குப் பிறகுதான்.

கோபாலசிங்கம் சுவரில் தொங்கிய யாழ்ப்பாணத்துக் கலண்டரை எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“வெள்ளி பத்தரையிலையிருந்து பன்னிரண்டு. முழு ராகுகாலம்.”

“இஞ்சை சூரியன் ஏழு மணிக்கு உதிக்குது. அது யாழ்ப்பாணத்து ராகு. அவருக்கு இஞ்சை பெர்மெஸ்ஸோ இல்லை.”

“சாமி விசயத்திலை பகிடி விடாதையும்.”

“நாளை மாத்தினால் சறோஜாவுக்குத்தான் நல்லகாலம்” என்றாள் அவள். பேச்சு அத்தோடு நின்றது. நின்றது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இலக்கமில்லாத வண்டியைத் தெருவில் ஓட்டினால் பொலிஸ் அங்கேயே பறித்துவிடும். அதனால் அதைக் கந்தோருக்கு ஏற்றிப்போகப் பூபாலெனின் லாப்பாவைப் பேசியிருந்தார்கள். லாப்பா என்பது மூன்று சில்லு வைத்த தகரப் பெட்டி. பலெர்மோவில் மரக்கறி தொடங்கி மணமக்களின் கட்டில் வரை அதில்தான் போகும். பூபாலென் மொரீசியஸ்காரன். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான். தமிழில் முருகா என்பதற்கு மேல் ஏழெட்டுச் சொல்தான் தெரியும். மிச்சமெல்லாம் இத்தாலியன்.

வெள்ளி காலை பத்தரைக்கு வண்டியைக் கயிற்றால் கட்டி, கோபாலசிங்கம் பின்னால் அதைப் பிடித்தபடி உட்கார்ந்தார். விமலராணி முன்னால் பூபாலெனோடு. பலாரோச் சந்தைப் பக்கம் ஒரு மீன் லொறி குறுக்கே நின்றதால் பூபாலென் வேறு வழியாகத் திருப்பினான். உடனே பின்னால் தகரத்தில் டம்டம் என்று அடி விழுந்தது.

“உன் புருசனுக்கு அவசரம்” என்று சொல்லிப் பூபாலென் வேகத்தைக் கூட்டினான். அடி பலத்தது. அவன் இன்னும் கூட்டினான்.

கந்தோர் முற்றத்தில் வண்டியை இறக்கி வைத்துவிட்டு, சந்தையில் கூனைப்பூ மரக்கறி இறக்க வேண்டுமென்று பூபாலென் போய்விட்டான். பதினொரு மணிக்கு இஞ்சினியர் வந்தார். ஒடுங்கிய மனிதர், காதில் பென்சில். கையை நீட்டினார். விமலராணி பையைத் திறந்தாள். கோப்பு இருந்தது, அடையாளக் கடதாசிகள் இருந்தன, சான்றிதழ் வைத்த மண்ணிறக் கவர் இல்லை.

அவள் பையைப் பார்க்கவில்லை. புருசனைப் பார்த்தாள். அவர் வண்டியின் ரயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கையப்பா கவர்?”

“அம்பிகை வீட்டை.”

“அம்பிகை வீட்டை அதுக்கு என்ன வேலை?”

“பரஸ்தானம் வைச்சனான்.”

பரஸ்தானம் என்பது ஊர் வழக்கம். கெட்ட நேரத்தில் புறப்பட வேண்டி வந்தால், அதற்கு முன்னமே நல்ல நேரம் பார்த்து, பயணத்துக்குரிய ஒரு பொருளை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. போகிற வழியில் பொருளை எடுத்துக்கொள்ளலாம். கோபாலசிங்கம் எட்டரை மணிக்கு அதைத்தான் செய்திருந்தார். பலாரோச் சந்தையடியில் இருந்த ஊர்க்காரி அம்பிகையின் வாசலில் லாப்பாவை நிறுத்தி எடுக்கலாமென்றிருந்தார். லாப்பாதான் வேறு வழியால் போய்விட்டது.

“தட்டினனான்தானே! அந்தக் காவடி நிப்பாட்டேல்லை.”

“செருப்பைக் கொண்டுபோய் வைக்கிறதுதானே? குடையை வைக்கிறதுதானே?”

“எது முக்கியமோ அதைத்தானே வைக்கவேணும்.”

இஞ்சினியர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பன்னிரண்டுக்குப் பூட்டிவிடுவேன், கடதாசி இல்லாமல் கையெழுத்து இல்லை. அவர் குரலில் பகையும் இல்லை, இரக்கமும் இல்லை.

அம்பிகை வீட்டில் தொலைபேசி கிடையாது. பஸ்ஸில் போனால் அரை மணி, வர அரை மணி, நிற்கிற நேரம் வேறு. கோபாலசிங்கம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

“வண்டி இருக்கு. எண்ணெய் இருக்கு. ஏறிப் போனால் பத்து நிமிசம். ஆர் பாக்கப்போகினம்? நீர் பயமெண்டால் நான் போறன். திறப்பைத் தாரும்.”

விமலராணியின் கைக்குள் வண்டியின் திறப்பு, அந்த ஒற்றைச் சாவி, இருந்தது. பத்து நிமிடம் என்று அவர் சொன்னது சரி. இரண்டு மாதம் ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்த வண்டி. சந்து பொந்தெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருவரும் மறிக்காமலும் விடலாம். மறித்தால் வண்டி போகும், அதோடு திங்கள் போகும். தான் இங்கிருந்து போனபிறகு திறப்பு இவர் கைக்கு எட்டினால் என்ன நடக்குமென்பதும் அவளுக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவள்.

நேரே போய்த் திறப்பை இஞ்சினியரின் உள்ளங்கையில் வைத்தாள்.

“எனக்கு எதற்கு?”

“நான் வருமட்டும் வைத்திருங்கள். என் கணவரிடம் மட்டும் கொடுக்க வேண்டாம்.”

இஞ்சினியர் கோபாலசிங்கத்தைப் பார்த்தார். ஒரு புருசனுக்கு இன்னொரு புருசன் காட்டுகிற மரியாதையோடு தலையை ஆட்டிவிட்டு, திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் ஓடினாள். பஸ் ஒன்று தற்செயலாக வந்தது. நடுவழியில் நெரிசலில் நின்றது. இறங்கி மறுபடி ஓடினாள். பலாரோச் சந்தைக்குள் ஒலிவ் பீப்பாய்களுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவால் போய் அம்பிகையின் வாசலை அடைந்தபோது பதினொன்று நாற்பது. அம்பிகை கவரை ஒரு தட்டில் வைத்துப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். கவரின் நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

“அக்கா, அண்ணை பத்தரைக்கு வந்து எடுப்பன் எண்டவர். நான் வேலைக்கும் போகாமல் நிக்கிறன். பயணம் தொடங்கீட்டுதோ?”

“தொடங்கி முடியப்போகுது” என்று கவரைப் பறித்தாள்.

சந்தைக் கோடியில் பூபாலென் கடைசிக் கூனைப்பூப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் முன்னால் ஏறி உட்கார்ந்து கவரைக் காட்டினாள். அவனுக்கு விளங்கியது. அவன் தட்டாமலே வேகமாக ஓட்டுகிறவன். அன்று தட்டியது அவள் இதயம் மட்டும்தான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு நகரத்தின் கடைகளெல்லாம் பூட்டுகின்றன, ஆட்களெல்லாம் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். லாப்பா அந்த வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டது.

கந்தோருக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு பத்து. முற்றத்தின் பெரிய கேற் பாதி சாத்தியிருந்தது. இஞ்சினியர் மேற்சட்டை போட்டு, கழுத்துத் துணி சுற்றி, வெளிக்கிட்டு நின்றார். கையில் அவளுடைய திறப்பு.

“சினியோரா, என் மனைவி பாஸ்தாவை உலையில் போட்டுவிட்டாள்! உன் திறப்பு என்னிடம் இருக்க நான் எப்படி வீட்டுக்குப் போவது? இவரிடம் கொடுக்கவும் கூடாதென்கிறாய்!”

கோபாலசிங்கம் வண்டிக்குப் பக்கத்தில், பூட்டின வீட்டின் முன் நிற்கிற விருந்தாளியைப் போல நின்றார். அந்த ஒரு மணி நேரத்தில் இஞ்சினியர் வெளிச்சம், பிறேக், சத்தம், வண்டியின் உடற்சட்டத்தில் தொழிற்சாலை அடித்திருந்த இலக்கம் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்து முடித்திருந்தார். இல்லாதது கடதாசி ஒன்றுதான். கவரைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பும் மஞ்சளும் விரலில் ஒட்டியது. முத்திரையா என்று கேட்டார்.

“எங்கள் ஊர் முத்திரை” என்றாள்.

விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தகடு கொடுக்கிற கருமபீடத்தில் இருந்த பெண் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்திருந்தாள். அவளை அவர் என்னவோ சொல்லித் திரும்ப உட்கார வைத்தார். இருபது நிமிடத்தில் தற்காலிகப் பத்திரம், தகடு, திறப்பு மூன்றும் விமலராணியின் கையில் இருந்தன. அதன் பிறகு இஞ்சினியர் ஓட்டமும் நடையுமாகத் தன் பாஸ்தாவுக்குப் போனார்.

கோபாலசிங்கத்துக்கு இப்போதுதான் வாய் வந்தது.

“பாத்தீரே? ராகுகாலம் முடிஞ்சு பத்து நிமிசத்தாலைதான் கையெழுத்து விழுந்தது. பரஸ்தானம் வேலை செய்யுது.”

விமலராணி தகட்டைச் சட்டத்தில் வைத்து ஆணியை முறுக்கினாள்.

“ஓம். ராகுதான் கையெழுத்துப் போட்டார். நீங்கள் பூபாலென்ரை வண்டியிலை ஏறிப் போங்கோ.”

“அப்ப நான் பின்னாலை ஏறேல்லையே?”

“இண்டைக்கு இல்லை.”

நடைபாதைக் கல்லில் ஒரு காலை ஊன்றி ஏறி, ஹோர்னை ஒரு தரம் அடித்துப் பார்த்தாள். அது வேலை செய்தது. கேற்றைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். முதல் சந்தியிலேயே ஒரு பொலிஸ்காரன் நின்றான். அவள் வேகத்தைக் குறைத்தாள். அவன் தகட்டைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கள் காலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க, சியாகுல்லியில் கொட்டகை வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினாள். மரங்களுக்கிடையே இன்னும் வெளிச்சம் வரவில்லை. கிறிகோரி கைவிளக்கோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். பின்னால் குனிந்து தகட்டில் விளக்கைப் பிடித்தான். இலக்கத்தை வாய்க்குள் வாசித்தான்.

“இது உங்கடை பேரிலையோ, அண்ணையின்ரை பேரிலையோ?”

“என்ரை பேரிலை.”

“அப்ப சரி. மூண்டாம் மேசை, அக்கா. சின்னப் பழத்தைத் தனியப் போடுங்கோ.”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.