மூணு வட்டம் போட்ட வாட்ச்

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டணும் என்று எந்தச் சாமி வந்து சொல்லிச்சோ, எனக்குத் தெரியாது. எண்பதுகளில் எங்க பக்கம் அது சட்டம் மாதிரி. மோதிரம் போடாத மாமனாரைக்கூட மன்னிப்பார்கள், வாட்ச் கட்டாதவரை விட மாட்டார்கள். எங்கப்பா ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் கொல்லை வைத்திருந்தவர். நேரம் பார்க்க அவருக்கு வெயில் போதும். என்னைக் கட்டிக்கொடுத்ததோ பெரம்பலூரில், வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு.

கல்யாணத்தன்றே வினை ஆரம்பித்துவிட்டது. என் நாத்தனார் புருஷன் மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்திருந்தார். கையில் தட்டு மாதிரி ஒரு வாட்ச். அதன் முகத்துக்குள்ளே மூணு குட்டி வட்டம், வட்டத்துக்கு ஒரு குட்டி முள். மகராசன், பந்தியில் சோற்றைப் பிசைவதை விட்டுவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். என் மாமியார் எங்கப்பா காதில் விழுகிற மாதிரி, "பெரிய மாப்ள கையில மூணு வட்டம் இருக்கு. நம்ம பையனுக்கு என்ன எழுதியிருக்கோ" என்றார். 'மூணு வட்டம்' அப்பா மனசில் ஆணியாக இறங்கிவிட்டது.

தீபாவளிக்கு முன்னால் நான் ஊருக்கு வந்தபோது, "வாம்மா, அரியலூர் போயி வாங்கியாந்துருவோம். மாப்ளைக்குப் புடிச்சது ஒனக்குத்தான் தெரியும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கடைத்தெருவில் வாட்ச் கடைக்காரர் நல்லதாக ஒன்று எடுத்து வைத்தார். தினமும் சாவி கொடுக்கிற வாட்ச். பளிச்சென்று இருந்தது, ஆயுசுக்கும் உழைக்கும் என்றார். அப்பா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"வட்டம் எங்கங்க?" என்றார்.

"எந்த வட்டம்?"

"உள்ளாற மூணு வட்டம் இருக்கணுமே?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டு, அதெல்லாம் ஃபாரின் சாமான், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில் மெட்ராஸ்காரர் ஒருத்தர் வந்து தங்கியிருக்கார், போய்ப் பாருங்க என்றார்.

லாட்ஜ் மாடியில் பனியனோடு உட்கார்ந்திருந்தான் அந்தப் படுபாவி. கட்டில் மேல் சூட்கேஸ் திறந்து கிடந்தது. சென்ட் பாட்டில், டார்ச், நைலக்ஸ் சேலை, அதுக்கு அடியில் வாட்ச். நாங்கள் 'மூணு வட்டம்' என்று வாயைத் திறந்ததுமே எடுத்து நீட்டிவிட்டான். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சந்தன நிறத்தில் முகம், பழுப்புத் தோல் வார், ஓரத்தில் இரண்டு பொத்தான். "அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் ஓட்டுறப்ப கட்டுன டிசைனுங்க. உள்ளதான் புது மிஷினு. குவார்ட்ஸ். சாவியே குடுக்க வேணாம், பேட்டரியில ஓடும். ஒரிஜினல் வாங்கணும்னா கொல்லைய விக்கணும்" என்றான்.

அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பெரிய முள் ஓடியது. குட்டி வட்டத்து முள் மூணும் அசையவில்லை.

"இந்த மூணும் எதுக்குங்க?" என்று கேட்டவர், அவன் பதில் சொல்வதற்குள் தானே, "ராகுகாலம், எமகண்டம், குளிகையா?" என்றார்.

அவன் என்ன சொல்லணும்? இல்லைங்க பெரியவரே என்று சொல்லணுமா இல்லையா? "அதேதாங்க! கரெக்டா புடிச்சிட்டீங்களே! அந்தந்த நேரம் வந்தா அதுவா அசையும்" என்றான், நாக்கில் நரம்பில்லாமல். வெள்ளைக்காரன் ராகுகாலம் பார்த்தா ஏரோப்ளேன் ஏறினான் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, பத்தாவது படித்த எனக்கும் தோன்றவில்லை. அடேங்கப்பா, ஒரே வாட்ச்சில் பஞ்சாங்கமும் இருக்கா என்று நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த மாப்பிள்ளை கையில் அப்பாவே வாட்ச்சைக் கட்டினார். எந்த வட்டம் எதுக்கு என்று விளக்கமும் சொன்னார். என் வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லதாப் போச்சுங்க மாமா" என்றார். பெரம்பலூர் திரும்புகிற பஸ்ஸில்தான் என்னிடம் மெதுவாக, "அது ராகுகாலம் இல்ல. ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பாக்குற வட்டம். இதுல அதுவும் ஓடாது, சும்மா வெச்சிருக்கான். மாமாகிட்ட சொல்லிடாத, பாவம்" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த லாட்ஜ்காரன் மட்டும் எதிரே வந்திருந்தால் பிய்த்து எறிந்திருப்பேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பலகாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்த எங்க சித்தப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எங்கண்ணன் வாங்கின வாட்ச் ராகுகாலமே காட்டும் என்று மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெருமை அடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த கதைதான். நாத்தனார் புருஷன் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நான் கோலம் போடப் போனால், "ஏம்மா, ஒங்கப்பா வாட்ச்சுல எமகண்டம் முடிஞ்சுதான்னு பாத்துட்டுப் போடு" என்பார் மாமியார். பக்கத்து வீட்டுக்காரிகூட பால் வாங்க வந்தால் மணி கேட்டாள். எனக்கு மானம் போகும். ஆனாலும் என் வீட்டுக்காரர் அந்த வாட்ச்சைக் கழற்றவே இல்லை. அதையே கட்டிக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனார்.

பங்குனியில் எனக்கு வளைகாப்பு வந்தது. எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அப்பா வருவார், இவர்கள் அவர் முகத்துக்கு நேராகச் சிரிப்பார்கள், ஏமாந்தது அவருக்குத் தெரிந்துவிடும். சும்மா இருங்க என்று மாமியாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை. காலையிலேயே வளையல் போட்டு முடித்தார்கள். சாப்பிட்டும் ஆயிற்று. ராகுகாலம் கழிந்ததும் அப்பா என்னைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பணும். கூடம் நிறைய சனம்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் எப்போது முடியும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் தான் வாங்கிக் கொடுத்த வாட்ச் சொல்லிக் கேட்கணும் என்று அப்பாவுக்கு ஆசை. "மாப்ள, வாட்ச்சப் பாத்துச் சொல்லுங்க, ராகுகாலம் முடிஞ்சுதா?" என்றார்.

நாத்தனார் புருஷன்தான் ஆரம்பித்தார். "பெரியப்பா, எந்த வட்டத்துல பாக்கணும்? மேல் வட்டமா, கீழ் வட்டமா?"

அப்பா எழுந்து போய், குனிந்து, விரலை வைத்து, "இதுதான் தம்பி, இடது கைப் பக்கத்து வட்டம்" என்று காட்டினார்.

கூடமே கொல்லென்று சிரித்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார், என்னவோ வேடிக்கை என்று நினைத்து. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். நான் கழுத்து ஒடிகிற மாதிரி தலையைக் குனிந்து வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையை உயர்த்தி வாட்ச்சைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம் இருக்குங்க மாமா. உக்காருங்க" என்றார். அப்பா உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆண்டிமடம் பஸ்ஸுக்காக நின்றபோது எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப நாளாவே சிரிக்கிறாங்களாம்மா?"

"அதெல்லாம் இல்லப்பா. இன்னைக்கு ஏதோ..."

"மாப்ள நல்ல மனுசன்."

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நான் வட்டத்தக் காட்டுனப்ப என்னப் பாத்து ஒனக்கு வெக்கமா இருந்துச்சா கண்ணு?" என்றார்.

"இல்லப்பா. சத்தியமா இல்லப்பா" என்றேன்.

"எனக்கு இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு, காலி பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக் கடையில் கொடுக்கப் போனார்.