வன்னியபெருமாள் பூங்காவின் பெயர்க்கல்

பூங்காவில் இருந்த என் அப்பாவின் பெயர்க்கல்லை எடுத்தவன் நான்தான். கமிட்டிக்குப் பயந்து எடுத்தேன் என்று ஊர் பேசுகிறது. பட்டப்பகலில் பேயைக் கண்டு ஓடினேன் என்றும் பேசுகிறது. நான் ஓடவில்லை. நடந்துதான் வந்தேன். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். நம்பாதவர்கள் வந்து என் வலது கையைப் பார்க்கலாம்.

தூத்துக்குடியில் மில்லர்புரம் பக்கம் இருக்கும் அந்த இரண்டு ஏக்கரை 1931-இல் ஊருக்குத் தானமாகக் கொடுத்தவர் என் அப்பா வன்னியபெருமாள். வெறும் உடைமரக் காடு அது. கிணறு வெட்டி, வேம்பு வைத்துப் பூங்கா ஆக்கியதும் அவர்தான். 1974 ஜூனில், நேற்று வந்த பூங்கா கமிட்டி தீர்மானம் போட்டது. அப்பாவின் கல்லைப் பெயர்த்துவிட்டுக் கமிட்டித் தலைவர் பெயரில் புதுக் கல் வைப்பார்களாம். எனக்கு ஒரு கடிதம்கூட இல்லை. மத்தியானம் பூங்கா பூட்டியிருக்கும் நேரம் பார்த்து வேலையை முடிப்பார்கள் என்று தெரிந்தது. பதினொன்றரைக்கே போய்க் கல்லின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டுக்குக் காவல்காரன் வெள்ளத்துரை சாவியோடு வந்தான்.

"அண்ணாச்சி, பூட்டணும். எந்திரிங்க."

"பூட்டிட்டுப் போ. நான் இருக்கேன்."

"உச்சி வெயில்ல இங்கன யாரும் இருக்கது இல்ல அண்ணாச்சி. நானே இருக்க மாட்டேன்."

"பொறவு ஒனக்கு எதுக்குலே சம்பளம் குடுக்காக?"

"வெளிய நிக்கதுக்கு."

அவன் சிரிக்கவில்லை. பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

மணி 12.20. டக்… டக்… கல்லில் உளி விழும் சத்தம். ஆளை அனுப்பிவிட்டார்கள் என்று கம்பை ஓங்கிக்கொண்டு கல்லைச் சுற்றி வந்தேன். யாரும் இல்லை. கதவில் பூட்டு தொங்கியது.

12.35. மறுபடியும்… டக். இந்த முறை என் கண் முன்னால். அப்பா பெயரின் முதல் எழுத்து பொடியாக உதிர்ந்தது. உளி இல்லை. கை இல்லை. நிழலும் இல்லை.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"எவம்லே அது? எங்கப்பன் பேருல கை வைக்கது?"

டக்… டக்…

இன்னும் மூன்று எழுத்து உதிர்ந்தது. வலது கையை விரித்து, மிச்சப் பெயரை மூடினேன்.

அடி என் புறங்கையில் விழுந்தது. கையை எடுக்கவில்லை.

காதோரம் ஒரு கிழவியின் குரல்.

"கைய எடுலே."

என்னை அப்படிக் கூப்பிட இந்த ஊரில் ஆள் இல்லை.

"எடுக்க மாட்டேன்."

டக்…

"ஒங்கப்பனும் எங் கைய விடல."

டக்.

1.10. நின்றது.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. கல்லில் 'வன்னிய' போயிருந்தது. 'பெருமாள்' என் கைக்கு அடியில் இருந்தது.

கமிட்டியின் முகத்தில் வீச, மறுநாள் அப்பாவின் பெட்டியைத் திறந்து இடத்துப் பத்திரத்தை எடுத்தேன். அப்பாவுக்கு இடத்தை விற்றவள் மெட்டில்டா. கடற்கரையில் சிப்பி உடைக்கும் விதவை. இடது பெருவிரல் ரேகை வைத்திருந்தாள். ரேகையின் குறுக்கே சிப்பி கிழித்த தழும்பு. அவள் முன்பு அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த குத்தகைச் சீட்டும் பெட்டியில் இருந்தது. அதிலும் அதே தழும்பு. விரல் அவளுடையதுதான். பத்திரத் தேதி 1931 மார்ச் 17.

கமிட்டி முன்னால் சாட்சி சொல்ல அவளுக்கு வாரிசு உண்டா என்று விசாரிக்க மாதாகோவிலுக்குப் போனேன். அடக்கப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள்.

மெட்டில்டா, விதவை. அடக்கம், 1931 மார்ச் 15.

பத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு.