சால்வைக்குள் இருந்த கைகள்

எழுபதுகளின் தொடக்கம். மஞ்சளாகத் தடித்து வெடித்திருந்த என் உள்ளங்கைகளைப் பார்த்து, எங்கள் ஊர் நீர்வேலியில் எல்லோரும் குட்டம் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

"வீட்டிலை வேறை ஆருக்கும் இப்பிடி இருக்கோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை ஐயா. இவளுக்கும் போன வருஷந்தான் வந்தது."

அப்பாவின் கைகள் சால்வைக்குள் இருந்தன. அவருடைய தடிப்பை மண்வெட்டி பிடித்ததால் வந்த காய்ப்பு என்று ஊர் நம்பியிருந்தது. அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு.

டொக்டர் என்னைக் குட்டநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எழுதத் தொடங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சால்வையை இழுத்தெடுத்து, அப்பாவின் கைகளை மேசையில் என் கைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பாருங்கோ ஐயா! ரெண்டு பேருக்கும் பிறவியிலையிருந்து இருக்கு. அனுப்புறதெண்டால் இவரையும் அனுப்புங்கோ."

டொக்டர் எங்களைக் கண்மூடச் சொல்லி, ஊசிமுனையால் கைகளைத் தொட்டார். தொட்ட இடத்தை இருவரும் சரியாகச் சொன்னோம்.

"இது குட்டமில்லை. குட்டமெண்டால் தோல் மரத்து, ஊசி பட்டது தெரியாது. பரம்பரைத் தோல் தடிப்பு, ஒருத்தருக்கும் தொற்றாது. நீங்கள் மறைச்சதாலை நானும் பிழைவிடப் பாத்தன்" என்றார்.

வழியில் அப்பா, "உன்ரை அக்காவை இனி ஆரடி கட்டுவான்?" என்றார்.

"குட்டக்காரியின்ரை தமக்கையெண்டால் கட்டுவானோ?"



கோயிலில் திருநீற்றுக்கு இன்றும் உள்ளங்கையை விரித்தே நீட்டுகிறேன். அப்பாவிடமிருந்து எனக்குத் தோல் வந்தது. சால்வையை நான் வாங்கிக்கொள்ளவில்லை.