ஆடிக் கிருத்திகைக்கு லாசரஸ் போட்ட கணக்கு

திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடு வெட்டி வளைக்கும் கம்பெனி ஒன்றில் லாசரஸ் புரொடக்‌ஷன் மேனேஜர். அவர் சொந்தமாக உற்பத்தி செய்தது தாமதத்தை மட்டும்தான். லீவு வேண்டுமென்றால் ஆள் அவர் மேசை முன் வந்து நிற்க வேண்டும். அவர் டீயைக் குடித்து, மீசையைத் துடைத்து, பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார். தாம்பரத்து வீட்டில் இந்தப் பாச்சா பலிக்காது. அங்கே மேனேஜர் மனைவி ஹில்டா.

முதலாளியின் மகன் ஷ்யாம்சுந்தர் பொறுப்புக்கு வந்ததும் மொபைல் ஆப் வந்தது. வேலை, லீவு, ஓவர்டைம் எல்லாம் தொழிலாளி போனிலிருந்து நேராக ஷ்யாம்சுந்தர் போனுக்குப் போயின. லாசரஸுக்கு மேசை இருந்தது, முன்னால் நிற்க ஆள் இல்லை. அடுத்து மேசையும் போய்விடுமோ என்று தினமும் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. குன்றத்தூர் முருகனைப் பார்க்க எல்லாரும் லீவு கேட்டார்கள். ஷ்யாம்சுந்தர் ஏதோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடி, அத்தனைக்கும் சேர்த்து ஒரே அமுக்காகச் சம்மதம் கொடுத்துவிட்டார். விடிந்தால், ஷெட்டில் இருந்தது லாசரஸும் ஒரு நாயும்தான். சரக்கு ஏற்ற லாரி வேறு வந்து நின்றது.

“என்ன லாசரஸ் இது, ஒருத்தன்கூட இல்ல?” என்று காரிலிருந்து இறங்கிய ஷ்யாம்சுந்தர் கேட்டார்.

லாசரஸின் மனம் அல்லேலூயா பாடியது. நெஞ்சை நிமிர்த்தினார். “நான் லீவு குடுக்கறப்ப பாதிப் பேர் காலைல மலைக்கு, மீதிப் பேர் மத்தியானம். காவடி எடுக்கறவனுக்கு மட்டும் முழு நாள். மெஷின் நின்னதே இல்ல சார்.”

“சூப்பர்! திரும்பச் சொல்லுங்க” என்று ஷ்யாம்சுந்தர் ஆப் கம்பெனிக்காரனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். லாசரஸ் பங்குனி உத்திரத்தில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரைக்கும் விலாவாரியாகச் சொன்னார். லாரிக்காரர் பீடி குடித்து முடிப்பதற்குள் அத்தனையும் ஆப்பில் ஏறிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும். நுணலாவது மழைக்குக் கத்துகிறது, இவர் பெருமைக்குக் கத்தினார்.

அடுத்த வாரம் மேசை போனது. சம்பளம் அதேதான், ஆனால் ஆப்பில் அவர் பெயருக்கு நேரே டிரில்லிங் மெஷின் என்றிருந்தது. முதல் தகட்டையே கோணலாக வைத்தார். போன வருஷம் மகள் காதுகுத்துக்கு ‘சார், சார்’ என்று லீவு கேட்டுக் கால் கடுக்க நின்ற மாரி, பக்கத்து மெஷினிலிருந்து ஓடி வந்தான்.

“இன்னா லாசரஸ் அண்ணா, இப்டி புட்ச்சா கை பூடும். நவுரு, நான் காட்றேன்.”

அவன் குரலில் கேலி இல்லை, அதுதான் சுட்டது. முதலாளி சொல்லாமல், யாரும் எந்தப் பட்டனையும் அமுக்காமல், ‘சார்’ தானாகக் கழன்று விழுந்திருந்தது. லாசரஸ் நகர்ந்து நின்றார்.