அடுத்த வருஷம் திறந்த கடிகாரம்

பேய், பிசாசு, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கூலிம் தொழிற்சாலையில் இருபது வருடமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சரக்குப் பார்க்கிறேன், கண்ணால் பார்க்காத எதற்கும் 'ஓகே' போட்டதில்லை. இதை மட்டும் நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

போன வருடம் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளைக்குப் போட என் வீட்டுக்காரர் கரங்கானில் பழைய சாமான் விற்கும் பாசாரில் ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். எஸ்டேட் வெள்ளைக்காரத் துரை கட்டியதாம், சுவிஸாம். இதே மனுஷன் முன்பு 'ஒரிஜினல்' என்று வாங்கி வந்த மிக்சி, தேங்காயைப் பார்த்ததுமே புகைந்தது. கடிகாரமும் போலி என்றால் சம்பந்தி வீட்டில் என் மகள்தான் காலமெல்லாம் பேச்சு வாங்குவாள். அதனால் அவரிடம் சொல்லாமல், பட்டப்பகலில், சுங்கை பட்டாணியில் கடிகாரக்கடை வைத்திருக்கும் அந்தோணி அண்ணனிடம் எடுத்துப் போனேன்.

அவர் பின்மூடியைத் திறந்து லென்ஸை மாட்டிப் பார்த்தார். "சுவிஸ்தான்லா தங்கச்சி. துரை கட்டுனாரோ இல்லையோ, துரை காலத்துச் சாமான்."

அப்பாடா என்றிருந்தது. அதற்குள் மனிதர் முகம் மாறிவிட்டது. ரிப்பேர் செய்பவர்கள் யார் திறந்தது, எப்போது, என்ன கோளாறு என்று மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறி வைப்பார்களாம்.

"இத நான் ஏற்கெனவே தொறந்திருக்கேன். என் கையெழுத்துதான்."

"எப்போண்ணே?"

"அடுத்த வருஷம்."

"காலையிலேயே போட்டுட்டீங்களா அண்ணே?" என்று கேட்டே விட்டேன். அவர் லென்ஸை நீட்டினார். பார்த்தேன். மூன்றாம் மாதம், அடுத்த வருடம், தண்ணீர் புகுந்தது. கீறலுக்குள் அழுக்கு கறுத்துக் கிடந்தது, நேற்றுக் கீறியது இல்லை. கூலி வேண்டாம், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்.

என் வீட்டுக்காரர் அதற்குள் சம்பந்தியிடம் துரை புராணம் பாடி முடித்திருந்தார். வேறு வழியில்லை, போட்டோம். கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை தங்கமானவர், ஞாயிறானால் மெர்போக் ஆற்றில் படகு எடுத்து மீன் பிடிப்பார். கடிகாரத்தைக் கழற்றுவதே இல்லை. அவர் கை கழுவப் போனாலும் "வாட்ச் மாப்பிள்ளை, வாட்ச்!" என்று கத்துகிறேன். "ஒங்கம்மாக்கு பாசம் என்மேலயா, வாட்ச்மேலயா?" என்று மகளிடம் கேட்டாராம்.

மூடியில் கீறியிருந்த அந்த 'அடுத்த வருடம்' வந்துவிட்டது, இது இரண்டாம் மாதம். தண்ணீர் புகுந்தால் புகட்டும், அவரே கடையில் கொடுப்பார் என்று மனதைத் தேற்றத்தான் பார்க்கிறேன். ஆனால் கொண்டு வந்தவர் பெயரையும் அண்ணன் கீறுவார். அன்றைக்கு அந்த மூடியில் நான் பார்த்தது என் பெயர். மாப்பிள்ளை கழற்றவே கழற்றாத கடிகாரத்தை நான் எதற்குக் கொண்டுபோகப் போகிறேன்?