சாவி என்னிடம் இருந்த மூன்று நாள்

எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கும் அரசாணை வந்தபோது, எங்கள் ஊரில் நடக்கவிருந்த ஒரு கூட்டத்துக்கான பொறுப்புக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

திருத்தணியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்தது அந்தச் சின்ன ஊராட்சி. நான் அதன் செயலர். ஊர்க்காரர்களுக்குக் கிளார்க் சார். இலங்கை, நேபாளம், கென்யா என்று நாலைந்து நாட்டுக் கரும்பு விவசாயிகள் எங்கள் சமுதாயக் கூடத்தில் மூன்று நாள் கூடிப் பேசுவதாக ஏற்பாடு. வெளிநாட்டுக்காரர்கள் வருவதால் உள்ளூர் நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். கூட்டம் முடியும்வரை எது நடந்தாலும் ஊராட்சியே பொறுப்பு என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

அரசாணைப்படி கூட்டத்தின் முதல் நாள் மாலையோடு ஊராட்சி கலைந்துவிடும். நகராட்சி அதிகாரியைப் போய்ப் பார்த்தேன்.

"நடுவுல மாறுதே சார், யார் பாத்துக்கறது?"

"கூட்டம் நீங்க ஏத்துக்கினது. முடிச்சிட்டுக் கூடத்துச் சாவியக் குடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. எழுத்தில் கேட்டு வாங்கத் தோன்றவில்லை.

முதல் நாள் மாலை ஊராட்சியின் வருகைப் பதிவேட்டைக் கடைசியாக மூடினேன். கூடத்தைப் பெருக்கும் அம்மா வாசலில் நின்றார். பல வருஷமாகத் தினக்கூலி.

"நாளைக்கு வரவா வேணாவா சார்? பேருதான் இல்லையே இப்போ."

"வந்துடுங்கம்மா. நகராட்சியில புது லிஸ்ட்ல எழுதிக்குவாங்க."

"ஆங், சரி சார்."

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு காற்று கிளம்பியது. வாசலில் கட்டியிருந்த வரவேற்பு வளைவு அப்படியே சாய்ந்தது. அந்த அம்மா கீழே பேப்பர் கப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முதலில் ஓடிவந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டவர் கென்யாவிலிருந்து வந்த பெண். ஆட்டோவில் திருத்தணிக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பியது, வலது தோள்பட்டை நொறுங்கிவிட்டது.

சில வாரம் கழித்து விசாரணை. எனக்கு வேறு ஊராட்சிக்கு மாறுதல் வரவேண்டிய நேரம். பெயரில் வழக்கு விழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் தூக்கமே இல்லை.

"சம்பவத்தன்னிக்கு யார் பொறுப்பு?" என்றார் விசாரணை அதிகாரி.

"ஊராட்சி முந்தின நாளே கலைஞ்சிடுச்சு சார்." சாவி என்னிடம் இருந்ததைச் சொல்லவில்லை.

"அந்தம்மாவ யார் கூப்பிட்டது?"

"தெரியல சார். அவங்களாவே வந்திருப்பாங்க."

கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டபோது, "எப்பவும் வர்றதுதானே சார்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு மரத்தடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்க வேலைக்கு எதனா ஆயிடப் போவுதுன்னு சொல்லல சார். புது லிஸ்ட்ல பேர மட்டும் சேத்து உட்டுடுங்க."

பெயர் சேர்க்கும் அதிகாரம் அப்போது எனக்கு இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். யார் மேலும் பொறுப்பு இல்லை என்று கோப்பு மூடப்பட்டது. துடைப்பம் பிடிக்க முடியாத அந்த அம்மாவை யாரும் லிஸ்ட்டில் எழுதவில்லை. எனக்குத் திருவாலங்காடு பக்கம் மாறுதல் கிடைத்தது.

ஒரு வருஷம் கழித்து, நான்தான் கூப்பிட்டேன், சாவியும் என்னிடம்தான் இருந்தது என்று எழுதி அனுப்பினேன். முடிந்த கோப்பு, மேல்நடவடிக்கை இல்லை என்று பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். இடது கையால் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முழுசும் படித்துக் காட்டினேன்.

"இப்ப எதுக்கு சார் இது?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் கிளார்க் சாருக்கு முதலில் தண்ணீர் வரும். அவர் மருமகள் கதவோரமாகவே நின்றாள். நானும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.