ஊதா உடுத்திய மாதா

ஷெரோன் பதாகையை விரித்ததும் குருநகர்க் கோயில் வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதையை நிறுத்தினார்கள். அங்கே அது இலேசில் நடக்கிற காரியமல்ல.

நீலம் உடுத்தியிருக்க வேண்டிய கடல் மாதா ஊதா உடுத்தி நின்றார். முகம் பாசிப் பச்சை. தவக்காலத்தில் சுரூபங்களை மூடுகிற துணியின் நிறம் ஊதா. இதுவோ அன்று பின்னேரம் கடல் பவனியில் முதல் வள்ளத்தில் கட்டவேண்டிய பதாகை.

"ஆரடி செத்தது?" என்றார் மேர்சி மாமி.

அது ஷெரோன் கீறிய படம். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கைக் கோட்டைவிட்டவள், வீட்டிலிருந்த பழைய கணினியில் தானாகவே கீறப் பழகியவள். 'பதாகையை என்ரை பிள்ளை கீறுவாள்' என்று கோயில் சபையார் முன்னால் எழும்பி நின்றவர் அவளுடைய அப்பா லெனாட். முதல் வள்ளமும் அவருடையதுதான். இனி ஊர் சிரிக்கப்போவது அவரைப் பார்த்து.

சைக்கிளை மிதித்து, பதாகையை அச்சடித்த அச்சகத்துக்குப் போனாள். அங்குள்ள கணினியிலும் மாதா ஊதாதான். வீட்டில் நீலமாக இருந்ததென்று சத்தியம் பண்ணினாள். நெடுநேரம் நோண்டிய பிறகே பிழை பிடிபட்டது. அவளுடைய பழைய மென்பொருள் படத்தோடு நிறத்தை அனுப்பாது. நிறத்தட்டில் எத்தனையாவது கிண்ணம் என்று மட்டும் குறித்துவிடும். கிண்ணத்தில் எந்த நிறம் இருக்கும் என்பதைத் திரையின் சாளரங்களை ஒழுங்குபடுத்துகிற விண்டோ மனேஜர் தீர்மானிக்கும். வீட்டில் ஓடியது ஒன்று, அச்சகத்தில் ஓடியது வேறொன்று. வீட்டு மனேஜர் நீலம் வைத்த கிண்ணத்தில் அச்சகத்து மனேஜர் ஊதாவை ஊற்றியிருந்தது. மனேஜர்மார் எங்கேயும் இப்படித்தான்.

பச்சை முகத்தைக் கண்டுமா அடித்தாய் என்று கேட்டாள். அச்சடித்த ஜெயசுதன் அரியாலைச் சைவப் பிள்ளை.

"மீனாட்சியம்மனும் பச்சைதானே அக்கா. வடிவாக் கிடக்கெண்டு நினைச்சன்."

திரும்ப அடிக்கப் பதாகைத் துணிச் சுருள் முடிந்திருந்தது.

கரையில் லெனாட் பதாகையைக் கனநேரம் பார்த்தார். ஏச்சு விழுமென்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வள்ளத்துக்கு அடிச்ச பெயின்ற் மிச்சம் கிடக்கு. தூரிகையை எடு."

அவளுக்கு ஊதாவைவிடப் பெரிய அதிர்ச்சி அதுதான். தகரத்தைத் திறந்தாள். எந்த மனேஜரையும் கேளாமல் நீலம் நீலமாகவே கிடந்தது. முகத்துக்கு வெள்ளையில் துளி செங்காவி.

பின்னேரம் வள்ளமும் மாதாவும் ஒரே நீலத்தில் கடலில் இறங்கினார்கள். பெயின்ற் காயவில்லை. காற்றுக்குப் பறக்காமல் பதாகையை நெஞ்சோடு அணைத்து நின்ற லெனாட்டின் வெள்ளைச் சேர்ட்டும் நீலமாகிவிட்டது.